அண்ணியின் கைராசி

எங்கள் அண்ணிக்கு எந்த நடிகனையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாது. கடைத்தெருச் சுவரொட்டியில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பவனைக் காட்டி, "இவன் யாருன்னு தெரியுதா அண்ணி?" என்று கேட்டால், "யாரு, புது ஆளா?" என்பாள். அவன் நடித்து நடித்தே கிழவனாகியிருப்பான். அதே ஆள் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு தும்மல் போட்டால் போதும். "இவன்தானே அந்தப் பொண்ணை ஏமாத்திட்டுப் போனவன்?" என்று பாத்திரம் தேய்த்தபடியே சொல்லிவிடுவாள். கதை, வசனம், யார் யாரை எங்கே கைவிட்டார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. முகம் மட்டும் தெரியாது.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் டிவி ஓடிய நேரமெல்லாம் அவள் டிவிக்குப் பின்னால், ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எங்களுடையது தரைத்தளத்து வீடு. ஒரு முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை, பக்கவாட்டில் ஒரு படுக்கையறை. என் அண்ணன் டிவி வாங்கிய சமயத்தில் மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்து முடித்துவிட்டார்கள். நாங்கள் வைக்கப் போனபோது வீட்டுச் சொந்தக்காரர், "மாடி என்ன முள்ளுக்காடா? இனிமே ஒரு கம்பிகூட நடக்கூடாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அண்ணன் நேராகக் கடைக்குப் போய், வீட்டுக்குள்ளேயே வைக்கிற ஆன்டெனா ஒன்றை வாங்கிவந்தார். சின்னதாக ஒரு பீடம், அதிலிருந்து இழுக்க இழுக்க நீளும் இரண்டு கம்பிகள். டிவியின் தலையில் வைத்தால் திரை முழுக்கப் பூச்சி பறந்தது. டிவிக்குப் பின்னால் ஜன்னலோரம் இருந்த பீரோவின் மேல் வைத்தால் படம் வந்தது. ஒயர் எட்டவில்லை என்று இன்னொரு துண்டை ஒட்டுப்போட்டு, யாரும் தடுக்கி விழக்கூடாது என்று தரை விரிப்புக்கு அடியில் விட்டு, டிவிவரை கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அண்ணன் கைவைத்த வேலையை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அவர் குடிநீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவருக்கு ஒரு ஒயர் ஒட்டத் தெரியாதா?

கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் எதிரே ஒரு பெரிய கட்டடம் எழும்பியது. கட்டடம் ஏற ஏற எங்கள் படம் கெட்டுக்கொண்டே வந்தது. ஆளாளுக்கு அந்தக் கட்டடத்தைத் திட்டினோம். நான் ஒருபடி மேலே போய் அதைக் கட்டிய மேஸ்திரியின் வம்சத்தையே இழுத்தேன். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். துணிக்கடையில் நாள் முழுவதும் துணி அளந்து கிழிக்கிற வேலை. தங்கச்சி கிழித்துக் கிழித்தே இப்படி ஆகிவிட்டாள் என்பார் அண்ணன்.

ஒரு நாள் அண்ணி பீரோ மேல் தூசி துடைக்க ஸ்டூலில் ஏறி ஆன்டெனாவைத் தொட்டாள். படம் பளிச்சென்று தெளிந்தது. "அப்படியே நில்லு, அசையாதே" என்றார் அண்ணன். அன்று நின்றவள்தான்.

மற்றவர்களும் பிடித்துப் பார்க்காமல் இல்லை. அண்ணன் பிடித்தார், நான் பிடித்தேன், அண்ணன் மகளும் வளர்ந்ததும் பிடித்துப் பார்த்தாள். எங்கள் குடும்பமே நெட்டை. பீரோ முன் நின்று கையை நீட்டினால் கம்பி எட்டிவிடும். ஆனால் எங்கள் யார் கைக்கும் படம் மசியவில்லை. அண்ணி குள்ளம். ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு விரலால் கம்பியைத் தொட்டால் போதும், திரையில் ஆட்கள் வந்துவிடுவார்கள். "கைராசின்னா இது கைராசி" என்று அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அண்ணிக்கு அதைக் கேட்க வெட்கமாகவும் இருக்கும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

அவள் பார்த்த வேலையும் நின்றுகொண்டே பார்க்கிற வேலைதான். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பிரிவு அவளுடையது. ஈரம் காய்ந்த விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் மடிப்புக் கலையாமல் வாங்க வேண்டும். உட்காரவே முடியாத வேலை. சாயங்காலம் வரும்போது கணுக்கால் இரண்டும் பொம்மிப்போய் இருக்கும். வந்து சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, ஸ்டூலில் ஏறுவாள்.

"அண்ணி, கால் வலிக்கலையா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வலிக்கும். உக்காந்தா மட்டும் வலிக்காதா?" என்றாள்.



அண்ணன் போன கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்ட எனக்கு மனசு வரவில்லை. வேலைக்குக் கிளம்பச் சட்டை போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. கொண்டுபோனது அண்ணி வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அவர் மேல் போர்த்திய விரிப்பு அவள் கையால் மடித்ததாகத்தான் இருக்கும். அதை அவளிடம் நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

சில மாதம் கழித்து, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து, "உங்கண்ணன் குரல் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்காதா பின்னே? கூடப் பொறந்தவளாச்சே."

"எனக்கு வரமாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. அவள் மடிப்பதை நிறுத்தவும் இல்லை.

"மூஞ்சி இருக்கு. செவுத்துல போட்டோ இருக்கு. சட்டையெல்லாம் அப்படியே இருக்கு. குரல் மட்டும் வரல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். டிவியில பேசுற கண்ட கழுதை குரலெல்லாம் காதுல நிக்குது. கூட வாழ்ந்த மனுஷன் குரல் நிக்கல. நானெல்லாம் என்ன பொம்பளை?"

 ஏதாவது சொல்லித் தேற்றியிருக்க வேண்டும்.  ஆனால் நானும் உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன். எனக்கும் அவர் குரல் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வால்வு வந்தார். அண்ணனோடு மோட்டார் அறையில் வேலை பார்த்தவர். நிலையத்தில் எந்த வால்வு கசிந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அந்தப் பெயர். உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காராமலேயே அண்ணியிடம் செய்தியைச் சொன்னார்.

"தங்கச்சி, டிவிக்காரங்க வந்து படம் புடிச்சிட்டுப் போனாங்கல்ல, ஞாபகம் இருக்கா? அதை இந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போடறாங்களாம்."

ஞாபகம் இருந்தது. அண்ணன் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, கஷ்டமான வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுக்கிறோம் என்று நிலையத்துக்குக் கேமராவோடு வந்திருந்தார்கள். அண்ணன் அன்று சவரம் செய்துகொள்ளாமல் போய்விட்டேனே என்று வீட்டுக்கு வந்து புலம்பினார். அப்புறம் அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

"அவரு பேசினதையும் போடுவாங்களா அண்ணே?" என்று அண்ணி கேட்டாள்.

"பின்னே? சட்டையில மைக்கெல்லாம் மாட்டிவிட்டாங்களே. உங்க வீட்டுக்காரர் வாயைத் தொறந்தா மூடுவாரா? மோட்டார் சத்தத்தையும் மீறிப் பேசினாரு. குரல் கணீர்னு பதிவாயிருக்குன்னு அந்தப் பையனே சொன்னான்."

அண்ணி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். தேநீர் போடப் போனாள் என்று நினைத்தோம். வெகுநேரம் ஆகியும் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை ஒளிபரப்புவார்கள். பதிவு செய்து வைக்கும் கருவியெல்லாம் எங்கள் தெருவிலேயே கிடையாது. மேல்வீட்டில் போய்ப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். அங்கே மாடி ஆன்டெனா, படம் கல்லுமாதிரி நிற்கும். அண்ணி தலையை ஆட்டினாள். "அவங்க நாலு பேரு நடுவுல உக்காந்து என்னால அழ முடியாது. நம்ம வீட்டுலயே பாக்கலாம்" என்றாள்.

சரி, நம் வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் ஆன்டெனாவை யார் பிடிப்பது? அண்ணி பிடித்தால் அவள் பார்க்க முடியாது. அண்ணி பார்க்க உட்கார்ந்தால் படமும் வராது, சத்தமும் இரைச்சலாகிவிடும். இந்த யோசனையே எனக்கு அந்த வாரம் முழுவதும் துணி கிழிக்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு முழம் குறைத்துக் கிழித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததுமே வால்வு வந்துவிட்டார். கையில் மினுமினுக்கும் அலுமினியத் தாள் சுருள். அவர் இந்த விஷயத்தில் தன்னை ஒரு பெரிய டாக்டராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி இன்னிக்கு ஸ்டூல்ல ஏறக்கூடாது" என்று நான் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "டிவிக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காரணும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அவளை உட்காரவைத்தோம். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்பவளைப் போல. நான் பீரோ முன் நின்று கம்பியைப் பிடித்தேன். பூச்சிதான் பறந்தது. அண்ணன் மகள் பிடித்தாள். அதே பூச்சி. வால்வு கம்பிகளை விரித்தார், குறுக்கினார், ஒன்றை நிமிர்த்தி ஒன்றைப் படுக்கவைத்தார். கம்பிகளில் அலுமினியத் தாளைச் சுற்றினார். "இரும்பு பீரோ சிக்னலைச் சாப்பிட்டுடும்" என்று ஆன்டெனாவை இறக்கி ஜன்னல் கட்டையில் வைத்தார். "டியூப்லைட் தொல்லை குடுக்கும்" என்று விளக்கை அணைத்தார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். டிவியின் பின்னால் உள்ள திருகைத் திருகினார். தலைகீழாக நின்று பார்த்தும் திரையில் ஆள் வரவில்லை. நடுவில் ஒரு நிமிடம் ஒருவருக்கு இரண்டு தலையாகத் தெரிந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்றார். அதுவும் போய்விட்டது.

"எதிர்க் கட்டடத்தை இடிச்சாத்தான் உண்டு" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு மணிக்குள்ள இடிச்சிருவீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணி சத்தமில்லாமல் எழுந்தாள். ஆன்டெனாவை மறுபடி பீரோ மேல் வைத்தாள், சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள், ஸ்டூலை அதன் இடத்தில் போட்டு ஏறினாள். இரண்டு விரல்தான். படம் வந்து நின்றது. ஒரு பெண் சோப்பைக் காட்டிச் சிரித்தாள்.

"விடும்மா" என்றாள் அண்ணி. "நான் இங்கேயே நிக்கறேன். எனக்குக் குரல்தானே வேணும். அதுக்கு இங்க நின்னாலே போதும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. குரல் அங்கேயும் கேட்கும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த மனுஷன் ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போகப் போகிறான். அப்போதும் இவள் அவன் முதுகுப் பக்கம்தான் நிற்க வேண்டுமா? அன்றைக்குக்கூட அவளுக்கு ஒரு நாற்காலி கிடையாதா?

"டிவியைத் திருப்பி வச்சிட்டா?" என்றாள் அண்ணன் மகள். "அம்மா அங்கேயே நிக்கட்டும், டிவி அம்மாவைப் பாக்கட்டும். நாமளும் அந்தப் பக்கம் போயிடலாம்."

இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. வாயைப் பிளந்தோம். வால்வு உடனே மேசையோடு சேர்த்து டிவியைப் பிடித்துத் திருப்பினார். அது கனமான பழைய பெட்டி. பாதி திரும்பியதும் ஏதோ சிக்கியது. அவர் விடாமல் ஒரு இழு இழுத்தார். திரை முழுவதும் பூச்சி. அண்ணி இன்னும் ஸ்டூலில்தான் நின்றிருந்தாள், விரலும் கம்பியில்தான் இருந்தது. கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். இறங்கி மறுபடி ஏறினாள். படம் வரவில்லை.

அவள் முகம் வெளுத்துப்போனது. "என் கைக்கும் வரலையே" என்றாள்.

மணி மூன்றரை தாண்டியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வால்வு திருதிருவென்று முழித்தார். அவரைத் திட்டினேன், டிவியைத் திட்டினேன், கடைசியில் என்ன செய்வது என்று தெரியாத ஆத்திரத்தில், டிவியிலிருந்து போகும் ஒயரைப் பிடித்து அது போகும் வழியே தரை விரிப்பை உரிக்க ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் விரிப்பு வருடக்கணக்கில் தரையோடு ஒட்டிக்கிடந்தது, தோல் உரிவதுபோல் வந்தது. அண்ணி இறங்கி ஸ்டூலை நகர்த்தினாள். பீரோவுக்குப் பக்கத்தில் வந்ததும் என் கை நின்றது.

அங்கே ஒயரில் ஒரு ஒட்டு இருந்தது. இரண்டு துண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து, மேலே பிளாஸ்திரி சுற்றியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற சாதாரண வெள்ளைப் பிளாஸ்திரி. அது பழுத்து, தளர்ந்து, வால்வு இழுத்த இழுப்பில் ஒரு பக்கம் பிரிந்துகொண்டு வந்திருந்தது. உள்ளே செப்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. அந்த ஒட்டுக்கு நேர் மேலே விரிப்பில் வட்டமாக ஒரு பள்ளம். ஸ்டூல் காலின் பள்ளம்.

முதலில் புரிந்துகொண்டது அண்ணன் மகள்தான். ஸ்டூலையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா ஏறி நின்னா ஸ்டூல் கால் இதை அமுக்கும். அமுக்கினா கம்பி ரெண்டும் ஒட்டிக்கும். நம்ம யாருக்கும் ஸ்டூல் வேணாமே, அதான் நமக்கு வரல" என்றாள். அப்புறம் மெதுவாக, "கையே வச்சிருக்க வேணாம் அத்தை. கட்டடமும் காரணமில்ல" என்றாள்.

 கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு ஒழுங்கான முறுக்கு, ஒரு துண்டு நல்ல டேப், ஐந்து நிமிட வேலை. அதற்காக இவள் இத்தனை வருடம் வீங்கிய காலோடு ஸ்டூலில் ஏறி நின்றிருக்கிறாள். என் அண்ணன் மேல் எனக்கு உயிர். ஆனால் அந்த நிமிடம் அவர் எதிரே நின்றிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"பாவி மனுஷன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "ஊருக்கெல்லாம் தண்ணி விட்டாரு, வீட்டுல ஒரு ஒயரை ஒழுங்கா ஒட்ட முடியல. உங்களைக் கம்பமா நிக்கவச்சிட்டாரே அண்ணி."

அண்ணி தரையில் உட்கார்ந்து அந்த ஒட்டைக் கையில் எடுத்தாள். பிளாஸ்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க ஆஸ்பத்திரி பிளாஸ்திரி" என்றாள். "என் விரல் உருளையில சுட்டப்ப குடுத்தாங்க. மீதியை வச்சுச் சுத்தியிருக்காரு." கொஞ்சம் பொறுத்து, "சும்மா ஒண்ணும் நிக்கலையே. படம் வந்துச்சுல்ல?" என்றாள்.

வால்வு தன் பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அண்ணி அவர் கையைத் தடுத்தாள். "இருங்கண்ணே. நானே பிரிக்கறேன்" என்றாள். பிளாஸ்திரியை அவசரப்படாமல், ஒரு சுற்றுகூடக் கிழியாமல், நகத்தால் நெம்பி நெம்பிப் பிரித்தாள். எனக்கோ கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.  அவள் பிரித்து முடித்ததும் வால்வு பச்சையைச் சுரண்டி, கம்பியை இறுக்கி முறுக்கி, டேப் சுற்றினார். தன் வேலை என்று வந்தால் அந்த மனுஷன் கெட்டிக்காரர்தான். டிவியைப் பழையபடி திருப்பிவைத்தோம். ஆன்டெனா பீரோ மேல் தனியாக நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

படம் வந்தது. அண்ணி ஸ்டூலில் நின்றபோது வந்ததைவிடத் தெளிவாக வந்தது.

அவளை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தோம். இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், பிறகு நாற்காலிக் கையில் வைத்தாள். மகள் கீழே அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் செங்கல் சூளை, பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். எங்கள் யாருக்கும் மூச்சு விடவே தோன்றவில்லை. பிறகு பெரிய குழாய்கள், நீல வண்ணம் அடித்த மோட்டார்கள், ஈரத்தரை. "இதுதான், இதுதான்" என்றார் வால்வு. திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்து மறைந்தது. "நான்தான் அது" என்றார். யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அண்ணன் வந்துவிட்டார்.

சவரம் செய்யாத முகம். மேல் பொத்தான் போடாத சட்டை. பெரிய மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். வாய் அசைந்தது. ஒரு சிரிப்பு சிரித்தார். இன்னொரு கையால் எதையோ காட்டினார்.

அவர் குரல் வரவில்லை. யாரோ ஒருவன், வெண்ணெய் தடவிய குரலில், அவர் பேச்சின் மேலேயே பேசிக்கொண்டிருந்தான். "இரவும் பகலும் ஓயாமல் உழைக்கும் இந்தக் கரங்கள்" என்று என்னவோ சொன்னான். பின்னால் வயலின் வாசித்தார்கள். அண்ணன் மகள் பாய்ந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினாள். அவன் குரல்தான் பெரிதாயிற்று. வயலின் பெரிதாயிற்று. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார், ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

"அடப் படுபாவி, வாயை மூடுடா" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. வால்வு தலையில் கைவைத்துக்கொண்டு, "மைக் மாட்டினாங்களே தங்கச்சி, சத்தியமா மாட்டினாங்களே" என்றார். அண்ணியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"சத்தத்தைக் குறை" என்றாள் அண்ணி.

மகள் திருகை முழுக்கத் திருப்பினாள். அறை அமைதியாயிற்று. திரையில் அண்ணன் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

"அதாவது வந்து" என்றாள் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அண்ணன் எந்தப் பேச்சையும் அப்படித்தான் தொடங்குவார். 'வந்து'வை ஒரு இழுப்பு இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு. இத்தனை மாதம் நான் தேடிக் கிடைக்காதது அதுதான்.

"அதாவது வந்து, இந்தா இருக்கே, இது பெரிய மோட்டாரு. இது மூச்சு விடறதை வச்சே சொல்லிருவேன், இன்னிக்கு ஒழுங்கா ஓடுமா மக்கர் பண்ணுமான்னு." திரையில் அவர் மோட்டாரைத் தட்டினார். அண்ணி அவர் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் பிரஷர் காட்டுற இந்த முள்ளு. விடியக்காலம் ஒரு ஆட்டம்கூட ஆடாம நிக்கும். ஊரு தூங்குதுன்னு அர்த்தம். திடீர்னு லேசா இறங்கும். எவனோ ஒருத்தன் எந்திரிச்சு மூஞ்சி கழுவுறான். அப்புறம் சரசரன்னு இறங்கும். எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. நான் அவங்களைப் பாத்ததில்ல, அவங்களும் என்னைப் பாத்ததில்ல. ஆனா அவங்க எந்திரிக்கறது மொதல்ல எனக்குத்தான் தெரியும்."

வேலைவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால் அவர் இதைத்தான் சொல்வார். மோட்டாரும் முள்ளும், முள்ளும் மோட்டாரும். நான் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவேன். மகளுக்குப் பாடம் இருக்கும். எதிரில் உட்கார்ந்து 'ம்' கொட்டியவள் அண்ணி ஒருத்திதான்.

படம் மாறியது. இப்போது யாரோ தபால் பிரிக்கிறவர்களைக் காட்டினார்கள். அண்ணி நிறுத்தவில்லை. "முள்ளு மறுபடி ஏறிச்சுன்னா வச்சுக்கோயேன், எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. அப்பத்தான் நான் டீக்குடிப்பேன்" என்றாள். அந்த 'வச்சுக்கோயேன்' அவருடையது. 'டீக்குடிப்பேன்' என்று சேர்த்துச் சொல்வதும் அவர்தான். வால்வு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றாள். "அப்பா குரல் மாதிரியே இருந்துச்சும்மா."

"ஆமா" என்றாள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்கும் கேட்டுச்சு."